அரக்குக்கு அடியில் ஒரு சொல்

அன்புள்ள சேகர்,

உன் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். முதுகில் ஊசி போட வந்த பையனுக்கு நீ வகுப்பெடுத்ததையும் உன் மகள் சொன்னாள். ரிட்டையரான மயக்க மருத்துவர்கள் யாருமே திருந்துவதில்லை போல.

பழைய கடிதங்கள் வாங்கிச் சேர்க்கும் என் பைத்தியம் முற்றிவிட்டது. போன வருடம் வாங்கியதில் ஏமாந்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தால் மை முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தது. அச்சடித்த நகல்! விற்றவர் போனையே எடுப்பதில்லை. இந்தத் தடவை அசல்தான். 1847 பிப்ரவரியில் பாஸ்டனிலிருந்து ஒருத்தி தன் அக்காவுக்கு எழுதியது. மயக்கம் தரும் ஈதரை முகர்ந்துவிட்டுப் பல் பிடுங்கிக்கொண்டாளாம். "பல்லு புடுங்கின கதைக்கா இவ்வளவு காசு?" என்கிறாள் என் மனைவி.

ஆனால் அந்தக் காலத்தில் இந்த ஈதர் மயக்கம் பற்றிய செய்தியே கடிதத்தில்தானே பயணம் போனது! பல் மருத்துவர் மார்ட்டன் பாஸ்டனில் ஆபரேஷனுக்கு ஈதர் கொடுத்துக் காட்டியது 1846 அக்டோபர் 16. நவம்பர் 28 அன்று பாஸ்டன் மருத்துவர் ஜேக்கப் பிகலோ, லண்டனிலிருந்த பிரான்சிஸ் பூட் என்ற தன் நண்பருக்கு அதைப் பற்றி எழுதினார். அக்கேடியா என்ற கப்பல் அதைச் சுமந்து போனது. டிசம்பர் 19 அன்று பூட்டின் வீட்டிலேயே ஈதர் கொடுத்து ஒரு பல்லைப் பிடுங்கினார்கள். இரண்டே நாளில் லண்டன் அறுவை மருத்துவர் லிஸ்டன் ஈதர் கொடுத்து ஒருவரின் காலையே எடுத்துவிட்டார். நண்பருக்கு எழுதிய கடிதம், அவ்வளவுதான்.

மார்ட்டனோடு உரிமைக்குப் போட்டியிட்ட பாஸ்டன் மருத்துவர் ஜாக்சன் எழுதியது வேறு ரகம். கண்டுபிடிப்பு தனதே என்று பாரிஸ் அறிவியல் அகாடமிக்கு முத்திரை வைத்த கடிதம் அனுப்பிவைத்தார். அதைப் பிரித்தது 1847 ஜனவரியில். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது. 1842-லேயே ஈதர் கொடுத்துக் கட்டி அகற்றிய கிராமத்து டாக்டர் லாங், கணக்கில் இரண்டு டாலர் என்று எழுதிவைத்ததோடு சரி. 1849 வரை அதைப் பிரசுரிக்கவே இல்லை.

சரி, என் கடிதத்துக்கு வருகிறேன். உறை கிடையாது; தாளையே மடித்து அரக்கு வைத்திருக்கிறாள். அக்கா அவசரமாகப் பிரித்திருக்கிறாள் போல, அரக்கோடு காகிதமும் கிழிந்து ஓட்டை. "கண் விழித்ததும் எனக்கு" என்று வரி வந்து சரியாக அந்த ஓட்டையில் விழுகிறது. கிழிந்த துண்டு எதிர்ப்பக்கத்து அரக்கின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விளக்கில் பிடித்தால் இரண்டு கோடுகள் தெரிகின்றன, அவ்வளவே. சுரண்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கிறது.

நடக்க ஆரம்பித்ததும் வா. உன் பெரிய லென்ஸையும் எடுத்து வா. அதுவரை தொடமாட்டேன்.

உன்,
மூர்த்தி