மூளைப் பேச்சுக்கு வந்தவர்களுக்கும் வரவழைத்தவர்களுக்கும்

கோத்தகிரி

அன்புள்ள எல்லோருக்கும்,

மூளை ஆராய்ச்சி பற்றி மூன்று ஞாயிற்றுக்கிழமை பேச்சு வைக்கலாம் என்று நான் சொன்னபோது, "மலையில் யார் வந்து கேட்பார்கள்?" என்றார் ஒருவர். மூன்று நாளும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவரும் அவரே. முதல் நன்றி அவருக்கு.

அம்மாவுக்கு மறதி நோய் வந்த நான்கு வருடங்களில் எங்கள் கைக்கு வந்ததெல்லாம் மாத்திரைச் சீட்டுதான். உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. அந்தக் குறைதான் என்னை இந்த வேலையில் இறக்கியது.

பேச வந்த ஆய்வாளர் நம் ஊர்ப் பெண். பஸ் காசுகூட வாங்கிக்கொள்ளவில்லை. முதல் நாள் அவர் காட்டியது 'தரணி'. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட படத்தொகுப்பு அது. கருவில் வளரும்போதே இறந்த குழந்தைகளின் மூளைகளை உறைய வைத்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, படமெடுத்துக் கணினியில் அடுக்கியிருக்கிறார்கள். மொத்தம் 5,132 சீவல்கள். உலகில் எவரும் காசில்லாமல் பார்க்கலாம். பார்க்கலாம்தான், ஆனால் மழை நாளில் நம் அரங்கில் சிக்னல் எங்கே இருக்கிறது? செல்போன் கடைத் தம்பி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி முக்கால் மணி நேரம் ஹாட்ஸ்பாட் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கைக்கு நன்றி.

அன்றுதான் அந்தக் கேள்வி வந்தது. சின்ன வயதில் இலங்கையிலிருந்து வந்து, வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்த பாட்டி ஒருவர் எழுந்து, "யார் பெற்ற பிள்ளை அம்மா அது? தாய்க்குத் தெரியுமா?" என்றார். அரங்கில் பேச்சே இல்லை. ஆய்வாளர் ப்ரொஜெக்டரை நிறுத்திவிட்டுப் பதில் சொன்னார். பெற்றோர் சம்மதம் இல்லாமல் எடுக்க முடியாது, பெயர் எங்கும் வராது என்றார். பெரியவர்களின் மூளை ஸ்கேனைப் பொதுவில் வைக்கும்போதுகூட முக வடிவத்தை அழித்துவிடுவார்களாம். ஸ்கேனிலிருந்தே முகத்தைத் திரும்ப உருவாக்கிவிட முடியும் என்பதுதான் காரணம். பாட்டி கொஞ்ச நேரம் யோசித்து, "கொடுத்தாளே, புண்ணியவதி" என்று சொல்லி உட்கார்ந்தார். நன்றிப் பட்டியலில் அந்தத் தாய்மாரை நான் நினைத்திருக்கவே இல்லை. பாட்டிக்கும் அவர்களுக்கும் சேர்த்து ஒரே வணக்கம்.

இரண்டாம் வாரம் கனடா. மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு 1934இல் தொடங்கிய மாண்ட்ரியல் நரம்பியல் கழகம், தன் ஆய்வு முடிவுகளையும் தரவுகளையும் பொதுவில் வைப்பதாகவும் காப்புரிமை தேடப் போவதில்லை என்றும் 2016இல் அறிவித்த கதை. "அப்போ சம்பளம் யார் தருவார்கள்?" என்று நம் தேயிலை ஃபேக்டரிக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. விவாதம் டீ நேரத்தையும் தின்றுவிட்டது. ஆறிப்போன டீயை மூன்று தடவை சூடாக்கித் தந்த கடைக்காரருக்கும், வர்க்கி பிஸ்கெட் வாங்கித் தந்தும் பெயர் சொல்லக் கூடாது என்ற அண்ணனுக்கும் நன்றி.

தமிழ்ப் படத்தாள்கள் எழுதிய அறிவியல் ஆசிரியரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். புது நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்கு அந்தப் பெயர் கடல்குதிரை போன்ற வடிவத்தால் வந்தது. இங்கே கடல்குதிரையை யார் பார்த்திருக்கிறார்கள்? ஆசிரியர் தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவாத்துக் கத்தியை வரைந்து, "இப்படி வளைந்திருக்கும்" என்று எழுதினார். அல்சைமர் என்ற மறதி நோய் சீக்கிரமே தாக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. காலையில் சாப்பிட்டது மறந்துபோகிற அம்மாவுக்கு ஐம்பது வருடத்துக்கு முந்தைய கல்யாணம் ஏன் நினைவிருந்தது என்பது அந்தக் கத்தியைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

மூன்றாம் வாரம் மரம் விழுந்து கரண்ட் போய்விட்டது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பழ ஈயின் மூளையைப் பற்றிக் கேட்டோம். அதன் 1,39,255 நரம்பணுக்களின் இணைப்பு வரைபடம் 2024 அக்டோபரில் வெளியானது. ஆய்வாளர்களோடு சாதாரணத் தன்னார்வலர்களும் கணினியில் பிழை திருத்தி உதவியிருக்கிறார்கள்.

பேச்சின் படங்களை யாரும் நகலெடுத்துக் கொள்ளலாம் என்று ஆய்வாளர் எழுதியே கொடுத்துவிட்டார். பென் டிரைவோடு செல்போன் கடைக்குப் போங்கள். அப்புறம் ஒரு திருத்தம்: மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். படத்தாளில் ஒரு சுழியை விட்டுவிட்டோம். கண்டுபிடித்தது எட்டாம் வகுப்பு மாணவி, அவளுக்கு நன்றி. பழைய நகல் வைத்திருப்பவர்கள் பேனாவால் சேர்த்துக்கொள்ளுங்கள்.