கடனை உதவி என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில், தீவு நாடுகளுக்குச் செல்லும் வெளிநாட்டு நிதி பற்றிய கட்டுரையில், "இந்நாடுகள் கை நீட்டியே பழகிவிட்டன" என்று ஒரு வாக்கியம் கண்டேன். முப்பத்தொரு ஆண்டுகளாகச் சந்தா கட்டி வருபவன் என்ற உரிமையில் கேட்கிறேன்: அதை எழுதியவர் என்றைக்காவது நிவாரண வரிசையில் நின்றதுண்டா?

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, கடலூர் தேவனாம்பட்டினத்தில் என் மைத்துனர் நின்றார். கட்டுமரத்தையும் வலையையும் கடலுக்குக் கொடுத்துவிட்ட அவர் கேட்டது வலை. கிடைத்ததோ நான்கு குடும்பங்களுக்குச் சேர்த்து ஒரு ஃபைபர் படகு. திட்டத்தில் வலை இல்லை, படகுதான் இருக்கிறது என்று தொண்டு நிறுவனத்தார் சொல்லிவிட்டார்கள். நால்வரையும் படகோடு நிறுத்திப் படம் பிடித்தார்கள். இரண்டாவது மழைக்காலத்திலேயே அதன் அடிப்பகுதி விரிசல்விட, அதற்குப் பிறகு பல காலம் அதன் நிழலில் ஆடுகள் படுத்துக் கிடந்தன. ஆயினும் ஏதோ ஓர் ஆண்டறிக்கையில் அந்தப் படகு இன்னமும் மிதந்துகொண்டுதான் இருக்கும். (வியர்வை வழியும் எங்கள் ஊருக்கு லாரி லாரியாக வந்திறங்கிய கம்பளிச் சட்டைகளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.)

அந்த ஆண்டு மாலத்தீவுக்கு நேர்ந்ததைத் தாங்கள் அறியாதவரல்லர். சலுகைகளுக்கு உரிய மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து அந்நாட்டை விடுவிக்க ஐ.நா. பொதுச் சபை தீர்மானித்தது டிசம்பர் 20 அன்று. ஆறாம் நாள் ஆழிப்பேரலை வந்து, ஓராண்டு உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 62 சதவீதத்துக்கு ஈடான இழப்பை ஏற்படுத்திச் சென்றது. பிறகு 2011-இல்தான் அந்நாடு பட்டியலிலிருந்து வெளியேற முடிந்தது. கரீபியன் தீவு நாடான டொமினிக்காவில் 2017-இல் மரியா புயல் கொண்டுபோனது ஓராண்டு உற்பத்தியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஓர் இரவில் இப்படி எல்லாம் பறிபோகக்கூடிய நாடுகளைத் தனிநபர் வருமானம் என்ற ஒற்றை முழக்கோலால் அளந்து, பார்படோஸ் போன்றவற்றை வசதி படைத்தவை என்று மலிவு வட்டிக் கடன் வரிசையிலிருந்து விலக்கி வைக்கிறார்கள். இந்த அளவுகோல் போதாது என்று தீவு நாடுகள் 1990-களிலிருந்து வாதாடியும், பாதிப்புக்கு உள்ளாகும் அபாயத்தை அளக்கும் குறியீடு ஒன்றை ஐ.நா. ஏற்க 2024 ஆகஸ்ட் ஆயிற்று. அதையும் விரும்பியவர்கள் பயன்படுத்தினால் போதுமாம். கை நீட்டிப் பழகியவர்களுக்கு இவ்வளவு காலம் காத்திருக்கும் பொறுமையும் வாய்த்திருப்பது வியப்புதான்.

கட்டுரையோடு வந்த அட்டவணைதான் என்னை இன்னும் உறுத்துகிறது. மாலத்தீவின் தலைநகர் மாலேயை அண்டைத் தீவுகளோடு பாலத்தால் இணைக்கும் திட்டத்துக்கு "இந்தியாவின் உதவி 50 கோடி டாலர்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். 2020-இல் அறிவிக்கப்பட்டபடி அதில் 40 கோடி கடன், 10 கோடிதான் மானியம். நான் கூட்டுறவுச் சங்கத்தில் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவன். உறுப்பினர் வாங்கிய கடனை மானியப் பக்கத்தில் எழுதியிருந்தால் தணிக்கையாளர் அன்றே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். ஆழிப்பேரலைச் சீரமைப்புக்காக 2005-இல் நம் நாடும் உலக வங்கியிடம் கடன் பெற்றது. அப்போது நாம் கை நீட்டிப் பழகியதாகத் தங்கள் இதழ் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

ஆனால் 2011 டிசம்பரில் 'தானே' புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோது, இழப்பீடு கேட்டு நின்ற விவசாயிகளின் படத்துக்குக் கீழே "கையேந்தும் கடலூர்" என்று அச்சிட்டது நன்றாக நினைவிருக்கிறது. அதைக் கண்டித்து எழுதிய என் கடிதம் வெளிவரவில்லை. பிறகு எழுதிய ஒன்று, கண்டித்த பகுதிகள் நீங்கலாக, பாராட்டிய இரண்டு வரிகளோடு வெளிவந்தது. தங்கள் கத்தரிக்கோலின் கூர்மையை நான் குறை கூறவில்லை.

இனி இத்தகைய அட்டவணைகளில் கடன், மானியம் என இரண்டு பத்திகளைத் தனித்தனியே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாதெனில், ஓரத்தில் போடும் தென்னைமரப் படத்தை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்,
கடலூர் முதுநகர்.