தொடக்கப்பள்ளிக் கணினி அறை: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம். மண்டபம் கடற்கரையை ஒட்டிய நம் ஊர்த் தொடக்கப்பள்ளியில் கணினி அறை வேலை முடிந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஆளுக்குப் பஞ்சமில்லை. பூச்சும் மரவேலையும் கோடை விடுமுறைக்குள் அடங்கின. வரவு செலவுத் தாள் பள்ளி அறிவிப்புப் பலகையில் உள்ளது. கணினிக்கு வசூலித்த பணத்தில் சுவருக்கும் ஜன்னலுக்கும் எதற்கு இவ்வளவு என்று கேட்டவர்களுக்காகவே இந்த விளக்கம்.

இங்கே கணினிக்கு எமன் உப்புக்காற்று. உள்ளிருக்கும் விசிறி அந்தக் காற்றை இழுத்து போர்டின் மேல் படியவிடும். ஈரம் சேர்ந்தால் செம்பில் பச்சைக் களிம்பு ஏறும். ஆகவே விசிறி இல்லாத சிறு பெட்டிக் கணினிகள் 10 வாங்கினோம். கடல் பக்க ஜன்னலுக்கு ரப்பர் பட்டையுடன் திறக்காத கண்ணாடி. பூச்சுக்கு லாரித் தண்ணீர்தான். உவர்நீரில் பூசினால் சுவர் பூத்து உதிரும். உப்பு மண்ணில் எர்த் (மின்கசிவை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு) நன்றாகவே கிடைக்கும், ஆனால் ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) அரித்துப்போகும் என்பதால் செம்பு பூசிய கம்பி இறக்கியிருக்கிறோம். திரையோடு ஒரு கணினிக்குச் சுமார் 35 வாட். கரண்ட் போனால் 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி பத்தையும் இரண்டு மணி நேரம் தாங்கும். சார்ஜ் ஆகும்போது வாயு வரும், அதனால் பேட்டரி வராந்தாவில்.

பாடத்தைப் பொறுத்தவரை, முதல் இரண்டு வகுப்புக்கு மவுஸ் மட்டும். டக்ஸ் பெயிண்ட் என்ற சிறுவர் ஓவிய மென்பொருளில் வரைவார்கள். இரண்டு கிளிக்குக்கு நடுவே பிஞ்சுக் கை நகர்ந்துவிடுவதால் ஒரே கிளிக்கில் திறக்கும்படி மாற்றியாயிற்று. மூன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் 99 விசைப்பலகை முறையில் தட்டச்சு. ‘படகு’க்கு ப, ட, க, உ என்று நாலே தட்டு. ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ, புள்ளி தானாக விழும். சிக்கல் ‘கெ’யில்தான். நோட்டில் கொம்பை முதலில் எழுதிப் பழகிய பிள்ளை, விசைப்பலகையிலும் கொம்பைத் தேடும். ‘க’ அடித்துப் பிறகு ‘எ’ என்று வாயால் சொல்லவைத்தே தட்டவிட வேண்டும். விசைப்பலகையில் ஒட்டும் எழுத்து ஸ்டிக்கர் கை வியர்வையில் உரிந்துவிடும், சுவரில் பெரிய அட்டையே மேல்.

இன்னும் ஒன்று பாக்கி. ஓடும் கணினி தன் சூட்டில் காய்ந்திருக்கும். பூட்டிக் கிடந்தால்தான் கெடும். விடுமுறையில் வாரம் இருமுறை ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் ஓடவிட வேண்டும். வரும் மே மாதத்துக்கு இரண்டு பேர் பெயர் தாருங்கள். சாவி தலைமை ஆசிரியரிடம் இருக்கிறது.

— பணிக் குழு