ஞாயிறு மாலை 4 மணி: சரணத்தை முடிக்க உட்காருகிறோம்

வணக்கம் நண்பர்களே,

பழைய மாணவர் சந்திப்புக்கான நம் சொந்தப் பாட்டில் பல்லவி மெட்டு அமைந்துவிட்டது. சரணம்தான் தொங்கலில் நிற்கிறது. வரும் ஞாயிறு மாலை 4 மணிக்கு வழக்கமான மாடி அறைக்கு வந்துவிடுங்கள்.

1. நேற்று இங்கே போட்ட 40 விநாடி ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு வரவும். ராகம் மோகனம், திஸ்ர நடை (மூன்று மூன்றாக எண்ணுவது).

2. வரி எழுதுபவர்களுக்கு: தத்தகாரம் (வரி உட்கார வேண்டிய மெட்டின் அளவு) ‘தன்ன தானன தன்ன தானா’. கடைசி ‘தானா’வில் குரல் நீள்கிறது, அங்கே நெடில் வேண்டும். ‘கல்’, ‘மண்’ என்று முடித்தால் பாடுபவர் பாவம். ஆளுக்கு இரண்டு வரி போதும்.

3. கீபோர்டு: சரணத்தில் ‘ம’ ஸ்வரத்தைத் தொடுகிறீர்கள். மோகனத்தில் ம, நி கிடையாது. எனக்கென்னவோ அந்த இடம் பிடித்திருக்கிறது. வைத்துக்கொள்ளலாம், ஆனால் தெரிந்தே வைப்போம். கிட்டாரும் கூடவே மாற வேண்டும்.

4. டிரம்ஸ் முதல் ஒரு மணி நேரம் வேண்டாம். மேசையில் தட்டினால் போதும்.

5. புதுத் துண்டு எதுவானாலும் பெயர், தேதி போட்டு அனுப்பவும். போன தடவை மூன்று போனில் மூன்று ‘கடைசி வடிவம்’ இருந்தது!

6. காப்புரிமைச் சட்டப்படி வரி வேறு, இசை வேறு படைப்பு. யார் எதைச் செய்தார்கள் என்று அன்றே தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவோம்.

வெள்ளி இரவுக்குள் ‘வருகிறேன்’ அல்லது ‘இல்லை’ என்று பதில் போடவும். கட்டைவிரல் மட்டும் காட்டினால் கணக்கில் வராது. அப்புறம், வடை என் பொறுப்பு.