தூர்வாருங்கள், சேற்றிலும் கொஞ்சம் விடுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

கோடையில் வன்னியின் சின்னக் குளங்கள் வற்றியதும் பெக்கோ (மண் அள்ளும் இயந்திரம்) இறங்கிவிடுகிறது. மாரிக்கு முன் தூர்வாரத்தான் வேண்டும். வாரும் விதத்தில்தான் பிழை.

வெடித்துக் கிடக்கும் மேல்மண்ணுக்குக் கீழே, ஈரமுள்ள சேற்றில், பாலாமை புதைந்து கிடக்கும். இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம் இது. முன்பு இந்தியப் பாலாமையோடு ஒரே இனமாகவே எண்ணினார்கள். விராலும் காற்றைச் சுவாசிக்கும். தோல் ஈரமாக இருக்கும்வரை சேற்றுக்குள் தாக்குப்பிடிக்கும். குளக்கட்டிலிருந்து, எதிரே தண்ணீர் ஏறி இறங்கும் அலைகரை வரை ஒரேயடியாகச் சுரண்டினால் இவையெல்லாம் டிப்பரில் ஏறிப் போய்விடும். பிறகு மாரியில் குளத்துக்கு மிஞ்சுவது, 1952இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவின் குஞ்சுகள்தான்.

குளத்தை மூன்று பங்காக்கி ஆண்டுக்கொரு பங்கு வாரலாம். ஒரே ஆண்டில் முடிக்க வேண்டுமென்றால் துருசுக்கு (மதகுக்கு) முன்னாலுள்ள மடுவையாவது, அதாவது ஆழமான பள்ளத்தையாவது, தொடாதீர்கள், பம்பி வைத்து இறைக்கவும் வேண்டாம். மண்ணை ஓரடி ஓரடியாக எடுத்து, பெக்கோவின் வாளிக்கு முன்னால் ஒருவர் பார்த்துக்கொண்டு நடந்தால் ஆமைகளைப் பொறுக்கி மடுவில் விடலாம். (கறிச்சட்டிக்கு அல்ல. பாலாமை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது.)

கறுத்த வண்டல் முடிந்து, கையில் ஒட்டும் களி தெரிந்ததும் நிறுத்த வேண்டும். களியைக் கிழித்தால் பல இடங்களில் கீழே கிறவல் (சரளை மண்)தான், தண்ணீர் தங்காது. துருசு வாய்க்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் வயலுக்குத் தானாகப் பாயாது. அள்ளும் மண்ணின் அளவுக்கு, கியூப் கணக்கில், காசு பேசினால் யாருக்கு நிறுத்த மனம் வரும்? ஒப்பந்தத்திலேயே ஆழத்தை எழுதிவிடுங்கள். ஓரத்தைச் செங்குத்தாக வெட்டாமல் பத்தடிக்கு ஓரடி சரிவாக விட்டால் நத்தைகுத்தி நாரை நின்று மேயும், மாடும் வழுக்காமல் இறங்கும்.

அலைகரைப் புல்லையும் மருதையும் அழித்து வயலாக்கினால் வண்டல் திரும்பவும் வந்து சேரும். நமது உலர்வலயக் குளத்தொடர்களை உலக உணவு விவசாய அமைப்பு 2017இல் வேளாண் மரபாக அங்கீகரித்தது. அந்த மரபில் அலைகரை மரங்களும் அடக்கம். மருதம் விதையை இரண்டு மூன்று நாள் ஊறவைத்துப் பையில் முளைக்கவிட்டு, கன்று நிமிர்ந்தபின் ஐப்பசி மழையோடு நட்டால் தண்ணீர் ஊற்றும் வேலை குறைவு.

200 ஏக்கருக்குக் குறைவாகப் பாயும் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருபவை. ஆகவே கமக்காரர் அமைப்புகள் இதைத் தீர்மானமாக எழுதி, மதிப்பீடு தயாராகும் முன்பே கமநல சேவை நிலையத்தில் கொடுக்க வேண்டும். வேலை தொடங்கிய பிறகு மடுவை விடச் சொன்னால் பெக்கோக்காரர் கேட்கமாட்டார்.

வாசகர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்