கேஸ் ஷீட்டை மூடிவிட்டு வந்து கேளுங்கள்

கிளினிக்கல் போஸ்டிங்குக்கு வார்டுக்கு வரும் நர்சிங் மாணவ மாணவியருக்கு,

வணக்கம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அசைன்மென்ட்டுக்காக எங்களிடம் வந்து கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை. "வார்டு ஸ்டாஃபைத் தொந்தரவு பண்ணாதீங்க, லைப்ரரிக்குப் போங்க" என்று உங்கள் மேடம் சிலர் சொல்லி அனுப்புவது எனக்குத் தெரியும். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. மூத்தவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் நாங்கள் எல்லோருமே இந்த வேலையைக் கற்றோம். நீங்கள் கேட்கும் விதத்தில்தான் எனக்கு ஒரு மனக்குறை. அதைச் சொல்லவே இந்த மடல்.

ஓர் அரசு மருத்துவமனையின் மெடிக்கல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்க்கிறேன். எங்களிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். "ஸ்டாஃப், இந்தப் பேஷண்ட்டுக்கு ஒரு அஞ்சு நர்சிங் டயக்னோசிஸ் சொல்லுங்களேன், நாளைக்கு சப்மிட் பண்ணணும்." (நோயாளியின் எந்தெந்தக் கஷ்டத்தை நர்ஸ் கவனிக்க வேண்டும் என்று பெயரிட்டு எழுதுவதுதான் நர்சிங் டயக்னோசிஸ்.) அந்தப் பேஷண்ட் பத்தடி தள்ளிப் படுத்திருப்பார். அவரிடம் பேசினாயா என்று கேட்டால், "ஹிஸ்டரி எல்லாம் கேஸ் ஷீட்லேர்ந்து எடுத்துட்டேன் ஸ்டாஃப்" என்று பதில் வரும்.

கேஸ் ஷீட்டில் டாக்டருக்கு வேண்டியது இருக்கும். அவர் ராத்திரி தூங்கினாரா, கழிப்பறைக்கு யார் கைத்தாங்கலாகக் கூட்டிப்போகிறார்கள், காலையில் கொடுத்த ரொட்டியை ஏன் தொடவே இல்லை என்பதெல்லாம் அதில் இருக்காது. உங்கள் கேர் பிளான் (நோயாளியைப் பராமரிக்கும் திட்டம்) அங்கேதான் தொடங்குகிறது. அசெஸ்மென்ட் (நோயாளியைக் கவனித்து விவரம் சேகரிப்பது), டயக்னோசிஸ், பிளானிங், இம்ப்ளிமென்டேஷன், இவேல்யுவேஷன் என்று ஐந்து படிகளை முதல் வருஷத்திலேயே மனப்பாடம் செய்துவிடுகிறீர்கள். முதல் படியைத் தாண்டிக் குதித்துவிட்டு இரண்டாவதை என்னிடம் கேட்டால் நான் எதை வைத்துச் சொல்வது?

உங்கள் ரெக்கார்டுகளைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். பிரவுன் அட்டை, கலர் ஸ்கெட்ச், ஸ்கேல் வைத்து அடித்த கட்டங்கள், எல்லாம் அழகு. உள்ளே போனால் எந்த நோயாக இருந்தாலும் 'ரிஸ்க் ஃபார் இன்ஃபெக்ஷன்' கட்டாயம் உண்டு. கடைசி வரியில் 'நாலெட்ஜ் டெஃபிசிட்', அதாவது விவரம் தெரியாமை. (யாருக்கு என்று கேட்கத் தோன்றும், கேட்பதில்லை.) வார்டில் உள்ள அத்தனை பேருக்கும் மூச்சு நிமிஷத்துக்கு 20. ஒரு முழு நிமிஷம் நெஞ்சைப் பார்த்து எண்ணியிருந்தால் ஒருவருக்கு 16, இன்னொருவருக்கு 28 என்றுதான் வரும். இவேல்யுவேஷன் கட்டத்தில் 'வலி குறைந்தது' என்று முந்தின நாள் ராத்திரியே ஹாஸ்டலில் எழுதி முடித்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. அந்த நோயாளிக்கு வலி குறைந்ததா என்று அவரிடம் இன்னும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எங்களிடமிருந்து உங்களுக்கு உண்மையிலேயே என்ன கிடைக்கும் என்பதற்குப் பாம்புக்கடி நல்ல உதாரணம். மழைக்காலத்தில் எங்கள் வார்டில் இதற்குக் குறைவே இருக்காது. கேஸ் ஸ்டடிக்கு அந்த நோயாளியை எடுத்துக்கொள்கிறீர்கள், நெட்டில் தேடுகிறீர்கள், அல்லது ஏஐயிடம் கேட்கிறீர்கள். சில சமயம் அது அமெரிக்கப் பாம்புகளுக்கான பக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. கண்ணாடி விரியனைப் போட்டோவில்கூடப் பார்க்காத ஒருவர் எழுதிய கேர் பிளான், மருந்தின் பெயர் உள்பட, அப்படியே உங்கள் நோட்டுக்கு வந்துவிடுகிறது. நம் ஊரில் கொடுக்கும் ஏஎஸ்வி (பாம்பு விஷமுறிவு மருந்து) நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கும் சேர்த்துச் செய்த ஒரே மருந்து. அதைச் செய்யத் தேவையான விஷத்தில் பெரும்பங்கு சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போயிருக்கிறது. இதெல்லாம் உங்கள் கேஸ் ஸ்டடியில் முதல் பக்கத்தில் இருக்க வேண்டாமா?

சரி, இப்போது என்னிடம் வந்து கேளுங்கள். 20 நிமிட இரத்த உறைவுச் சோதனைக்கு ஏன் பிளாஸ்டிக் டியூபை எடுக்கக் கூடாது என்று கேளுங்கள். சோப்பு போட்டுக் கழுவிய கண்ணாடிக் குழாயும் உதவாது, புதிதாக, சுத்தமாக, உலர்ந்து இருக்க வேண்டும், நடுவில் யாரும் ஆட்டிப் பார்க்கக் கூடாது என்று சொல்வேன். வீக்கத்தின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதுவது எதற்கு என்று கேளுங்கள். ஏஎஸ்வி ஏறத் தொடங்கியதும் நாங்கள் ஏன் கட்டிலை விட்டு நகர்வதில்லை, ஒவ்வாமை வந்தால் கொடுக்கும் அட்ரினலினை ஏன் முன்கூட்டியே சிரிஞ்சில் எடுத்து வைக்கிறோம், "அரிக்குது சிஸ்டர்" என்று அவர் சொன்ன உடனே ஏன் ஓடுகிறோம் என்று கேளுங்கள். கண்ணிமை தொங்குகிறதா என்று அடிக்கடி மேலே பார்க்கச் சொல்வது, சிறுநீரின் அளவையும் நிறத்தையும் விடாமல் குறித்து வைப்பது, இரத்தம் உறையாதவருக்குத் தசையில் ஊசி போடத் தயங்குவது என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. இவற்றை நீங்களே பார்த்துவிட்டு வந்து "ஏன்?" என்று கேட்டால், ஐந்து டயக்னோசிஸ் என்ன, ஏழு எழுதலாம். அதில் ஒன்றைக்கூட நான் சொல்லித் தர வேண்டியிருக்காது.

இன்சுலின் இன்னொன்று. டிரக் பிரசன்டேஷனில் ஒரு மாணவி 'ஒரு மில்லியில் 100 யூனிட்' என்று வாசித்தாள். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. எங்கள் ஃப்ரிட்ஜில் இருக்கும் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 4 யூனிட்தான். இன்சுலின் பேனா கார்ட்ரிட்ஜில் இருக்கும் 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே 10 கோடு வரை எடுத்தால் 25 யூனிட் போய்விடும். சர்க்கரை இறங்கி அவர் மயங்கிக் கிடப்பார். டிரிப் கணக்கும் இதே கதை. டிரிப் செட்டின் (மருந்து ஏற்றும் குழாயின்) உறையில் ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு என்று அச்சிட்டிருக்கும். 20 சொட்டு செட்டில் 500 மில்லியை 4 மணி நேரத்தில் ஏற்ற நிமிஷத்துக்கு 42 சொட்டு. வெளிநாட்டுப் புத்தகத்தின் 15 சொட்டுக் கணக்கைக் காப்பியடித்தால் 31 என்று எழுதுவீர்கள். மார்க் குறையாமல்கூடப் போகலாம். டிரிப்தான் நேரத்துக்கு முடியாது. அசைன்மென்ட் எழுதும்போது எங்கள் மருந்து அலமாரியையும் ஒருமுறை திறந்து பாருங்கள், சாவி தருகிறோம்.

வாட்ஸ்அப் பற்றியும் சொல்ல வேண்டும். கேஸ் ஷீட்டைப் போட்டோ எடுத்து, பெயர், ஐபி நம்பர், ஊர் எல்லாம் தெரிய, "அக்கா இதுக்கு கேர் பிளான் ப்ளீஸ்" என்று அனுப்புகிறீர்கள். அதே போட்டோ உங்கள் பேட்ச் குரூப்பிலும் சுற்றும். அவர் வியாதி அவருக்கும் அவரைக் கவனிப்பவர்களுக்கும் உள்ள விஷயம். இப்படி வரும் படங்களுக்கு இனி நான் பதில் போடப்போவதில்லை, அழித்துவிடுவேன். வயசு, ஆணா பெண்ணா, என்ன தொந்தரவு, நீங்கள் பார்த்தது என்ன என்று எழுதி அனுப்பினால் டியூட்டி முடிந்து பஸ்ஸில் போகும்போதாவது பதில் சொல்வேன்.

நான்காம் வருஷ ரிசர்ச்சுக்கு நீங்கள் அனுப்பும் கூகுள் ஃபார்ம்களையும் நிரப்பித் தருகிறோம். ஆனால் ஃபார்ம் வந்த அன்றைக்கே மூன்று முறை ஞாபகப்படுத்தினால் நாங்களும் கண்ணை மூடிக்கொண்டுதான் டிக் அடிப்போம். அப்புறம் உங்கள் முடிவு என்ன லட்சணத்தில் இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

லாக் புக்கில் (செய்து பழகிய வேலைகளைக் குறிக்கும் நோட்டில்) கையெழுத்துக்கு என்னிடம் வராதவர் இல்லை. கதீட்டர் போடுவதைத் திரைக்கு வெளியே நின்று பார்த்தவருக்கு 'செய்தார்' என்று கையெழுத்துப் போட மாட்டேன். கூடவே நின்று கிளவுஸ் போட்டு, டிரே எடுத்துக் கொடுத்திருந்தால் 'உதவினார்' என்று போடுவேன். அடுத்த முறை நான் பக்கத்தில் நிற்க நீங்களே செய்யுங்கள், அன்றைக்கு முழுக் கையெழுத்து.

உங்கள் மேடம்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கும் இரண்டு வார்த்தை. 10 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது நர்சிங் கவுன்சில் நெறி. அந்த ஆசிரியர் வார்டில் கட்டிலருகே நிற்கிறாரா, ஆபீஸில் உட்கார்ந்து ரெக்கார்டு திருத்துகிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரே வாரத்தில் கேர் பிளான், கேஸ் ஸ்டடி, ஹெல்த் டாக், டிரக் புக் எல்லாவற்றையும் கேட்டால் பிள்ளைகள் காப்பியடிக்காமல் என்ன செய்வார்கள்? பத்து கேர் பிளானுக்குப் பதில் மூன்று போதும். அந்த மூன்று நோயாளிகளின் பக்கத்தில் நின்று, "இவருக்கு இன்றைக்கு என்ன கஷ்டம்?" என்று வாய்மொழியாகக் கேளுங்கள். நெட்டில் இருந்து எடுத்ததா இல்லையா என்று கண்டுபிடிக்க வேறெதுவும் தேவைப்படாது.

கடைசியாக, நேரம். காலை ரவுண்ட்ஸ் முடிந்து, மருந்தெல்லாம் கொடுத்து, 11 மணிக்கு மேல் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். அப்போது வாருங்கள், நோட்டைக் கொண்டுவாருங்கள், நீங்கள் எண்ணிய மூச்சுக் கணக்கோடு வாருங்கள். மருந்து டிராலியுடன் நான் நிற்கும்போது மட்டும் வேண்டாம். அந்த நேரத்தில் நீங்கள் எதைக் கேட்டாலும் என் காதில் விழாது, விழவும் கூடாது.

இப்படிக்கு,
மெடிக்கல் வார்டு ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர்