கிண்ணியாவிலிருந்து வந்த கொப்பி

அன்பான பெற்றோருக்கும் நண்பர்களுக்கும்,

நேற்று மாலை எங்கள் சாரணர் துருப்பின் மூன்று பிள்ளைகளின் லொக் புத்தகங்களும் (அவர்கள் முடித்ததையெல்லாம் பதியும் புத்தகங்கள்) ஜனாதிபதி சாரணர் விருதுக்கான விண்ணப்பங்களும் மாவட்ட ஆணையாளரின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. எங்கள் சாரணத் தலைவர் சேர் வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிவிட்டார். முற்றத்தில் ஏழெட்டு அடி நடந்தாராம். இந்த இரண்டு செய்திகளையும் ஒரே வாரத்தில் எழுதுவேன் என்று கார்த்திகை வெள்ளத்தின்போது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அந்த நாட்களில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீங்களும் அதே தண்ணீருக்குள் நின்றவர்கள்.

எல்லோருக்கும் நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கியதும் மனம் ஒருவரிடமே போய் நிற்கிறது. பெயர் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். கிண்ணியாவில் வசிக்கும் ஓய்வுபெற்ற தாதி. எங்கள் பிள்ளைகளுக்கு முதலுதவிச் சின்னத்தின் பரீட்சகர். பிள்ளைகள் அழைப்பது போலவே நானும் மிஸ்ஸி என்று எழுதுகிறேன்.

சாரணியத்தில் பிள்ளை இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜனாதிபதி சாரணர் விருது என்றால் பலருக்கு மேடையும் பத்திரிகைப் படமும்தான் தெரியும். அதற்குப் பின்னால் பல வருடங்கள் இருக்கின்றன. அங்கத்துவச் சின்னத்தில் தொடங்கி, சாரணர் விருது, மாவட்ட ஆணையாளர் விருது, பிரதம ஆணையாளர் விருது என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் பாசறை, நடைபயணம், சமூக சேவை, சின்னங்கள். இவை ஒவ்வொன்றையும் பிள்ளை செய்ததை ஒரு பெரியவர் கண்ணால் பார்த்து, திகதியிட்டு, கையொப்பம் வைக்க வேண்டும். எல்லாம் 18 வயது நிறையும் முன் முடிந்தாக வேண்டும். மறுநாள் முடித்தாலும் கிடையாது. என் மகனுக்கும் இன்னொரு பிள்ளைக்கும் தை மாதத்திலேயே 18 நிறைகிறது.

புத்தகங்கள் இருந்த பெட்டியை நாங்கள் திறந்த அன்று பக்கங்கள் அப்பளம் போல ஒட்டிக் கிடந்தன. பேனா மை நீலக் கறையாகப் படர்ந்திருந்தது. சேரின் சொந்தப் பதிவேடும் போய்விட்டது. அவரிடம் கேட்கலாம் என்றால் அவர் பேசும் நிலையில் இல்லை.

நான் குழுச் சபையின் செயலாளர். அதுவரை எனக்குத் தெரிந்த வேலை சந்தாப் பணம் சேர்ப்பதும், பாசறைக்கு அரிசி பருப்புக் கணக்குப் பார்ப்பதும்தான். என்றாலும் வேறு யார் இருக்கிறார்கள்? பழைய படங்கள், தொலைபேசிச் செய்திகள், பிள்ளைகளின் ஞாபகம் எல்லாவற்றையும் சேர்த்து யார் எதை எப்போது முடித்தார்கள் என்று ஒரு பட்டியல் எழுதினேன். அதை ஒவ்வொரு பரீட்சகருக்கும் அனுப்பி உறுதிப்படுத்தச் சொன்னேன். பலர் அன்றைக்கே சரி என்று பதில் போட்டார்கள். எங்கள் மேல் இருந்த இரக்கத்தில் சிலர் பட்டியலை வாசிக்கவே இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை.

மிஸ்ஸி மட்டும், "கொப்பியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் மகள்" என்றார். மறுநாள் காலை எட்டரைக்கு எங்கள் படலையில் நின்றார். முதல் பஸ்ஸில் ஏறி வந்திருந்தார். 2009இல் பாலம் திறக்கும்வரை பாதைப் படகில் கடந்து, அதன் பின் பஸ் பிடித்து, இரவு வேலைக்குத் திருகோணமலைக்கு வந்து போனவர். இந்தத் தூரமெல்லாம் ஒரு தூரமா என்று கேட்டார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் இன்னொரு பை. அதற்குள் மண்ணிறத் தாள் உறை போட்ட ஒரு கோட்டுக் கொப்பி.

அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைப் பக்கம். திகதி, கேட்ட கேள்வி, செய்யச் சொன்ன வேலை, எங்கே பிழைத்தது, மறுபடி எப்போது செய்து காட்டினார் என்று எல்லாமே சிறிய, சாயாத எழுத்தில் இருந்தன. என் மகனின் பக்கத்தை அவர் விரல் வைத்துக் காட்டினார். "இரத்தப்போக்கை நிறுத்துதல் – நன்று. கை முறிவுக்குக் கட்டு – தளர்வு, திரும்பச் செய்தார். நோயாளியாகப் படுத்திருந்த பிள்ளையிடம் வலிக்கிறதா என்று மூன்று முறை கேட்டார்."

அந்தக் கடைசி வரியை வாசித்தபோது என்னால் அடக்க முடியவில்லை. பெற்ற எனக்கே தெரியாத ஒன்றை, சம்பளம் வாங்காத ஒருவர், இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை பார்த்து எழுதி வைத்திருக்கிறார்.

பிறகு மூன்றாவது பிள்ளையின் பெயருக்கு வந்தார். பட்டியலைப் பார்த்தார், கொப்பியைப் புரட்டினார், மறுபடி பட்டியலைப் பார்த்தார். "இந்தப் பிள்ளையை நான் இன்னும் பரீட்சிக்கவில்லையே மகள்."

எனக்கு முகம் சுட்டது. மூவரும் ஒரே நாளில் செய்தார்கள் என்று நானே நினைத்து நானே எழுதியிருந்தேன். அன்று அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல். பின்னொரு நாள் வைப்பதாகச் சொன்ன பரீட்சை மழையோடு நின்றுபோயிருந்தது. (இதை எழுத அந்தப் பிள்ளையும் அவர் அம்மாவும் சம்மதித்தார்கள். தவறு என்னுடையது.) ஆனாலும் நான் விடவில்லை. பாடசாலையில் எல்லோரும் தங்கியிருந்தபோது, ஒரு முதியவரின் காலில் தகரம் வெட்டியதும் முதலில் ஓடிப்போய்க் கட்டுப் போட்டது இந்தப் பிள்ளைதான், ஊரே பார்த்தது, அது போதாதா என்று வாதாடினேன்.

மிஸ்ஸி பொறுமையாகக் கேட்டார். "அது அவர் செய்த பெரிய காரியம். அதைச் சேவைப் பக்கத்தில் எழுதுங்கள். இது வேறு பக்கம்" என்றார். குரலை உயர்த்தவில்லை. பிறகு, "பிள்ளையைக் கூப்பிடுங்கள், இப்போதே பார்ப்போம்" என்றார்.

எங்கள் விறாந்தையில் பாய் விரித்துப் பரீட்சை நடந்தது. என் கடைசி மகள் நோயாளி. முக்கோணத் துணியால் கைத்தொட்டில் கட்டுவது, தீக்காயத்துக்கு என்ன செய்வது, எதைப் பூசக் கூடாது என்பது, மயங்கியவரைப் பக்கவாட்டில் கிடத்துவது எல்லாம் சரியாக வந்தன. நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுப்பதைத் தலையணையில் செய்து காட்டச் சொன்னார். 30 அழுத்தம், 2 மூச்சு. பிள்ளை பதற்றத்தில் பாதியிலேயே எண்ணிக்கையை விட்டுவிட்டார். நான் மிஸ்ஸியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "தலையணை பொறுத்துக்கொள்ளும் மகன், மனிதர் பொறுக்க மாட்டார். வியாழக்கிழமை திரும்ப வருகிறேன்" என்றார். கொப்பியில் புதிய அரைப் பக்கம் திறந்து திகதியை எழுதினார்.

வியாழக்கிழமை வந்தார். அதே பஸ். இந்த முறை பிள்ளை நிறுத்தாமல் ஐந்து சுற்றுச் செய்தார். மிஸ்ஸி அவர் தோளைத் தட்டிவிட்டு லொக் புத்தகத்தில் கையொப்பம் வைத்தார். அந்தப் பிள்ளை பாயில் அப்படியே உட்கார்ந்து அழுதார். அதுவரை அவர் அழுததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை, அந்த மழை நாட்களில்கூட.

லுஹர் தொழுகைக்கு நேரமானதும் உள்ளறையில் தோய்த்த விரிப்பைப் போட்டுக் கொடுத்தேன். தொழுதுவிட்டு வந்து தேநீர் குடித்தார். பஸ் காசு கொடுக்கப் போனேன், கையைப் பிடித்து மடக்கிவிட்டார். அப்போதுதான் கேட்டேன்: உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லையா? முழங்கால் வரை வந்ததாம். காணி உறுதியையும் இந்தக் கொப்பியையும் அரிசி வாளிக்குள் போட்டு மூடி அலுமாரிக்கு மேல் ஏற்றினாராம். கொப்பியை ஏன் என்று கேட்டேன். "பிள்ளைகள் செய்தது அல்லவா" என்றார். வேறு விளக்கம் சொல்லவில்லை.

அவருக்குச் சீருடை கிடையாது. கழுத்தில் பட்டி கிடையாது. எங்கள் சேர் அணியும் இரண்டு மரமணிகளைப் பிள்ளைகள் எவ்வளவு ஆசையாகப் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். 1919இல் இங்கிலாந்தின் கில்வெல் பூங்காவில் சாரணத் தலைவர்களுக்கு நடந்த முதல் பயிற்சியில் பேடன் பவல் பிரபு தம்மிடமிருந்த சூலு மணிமாலையிலிருந்து எடுத்துக் கொடுத்த மணிகளின் வழி வந்தவை அவை. சேர் அவற்றை உழைத்துப் பெற்றார். ஆனால் ஒரு பிள்ளை படி ஏறுவதற்குச் சாரணத் தலைவர் மட்டும் போதாது. உதவித் தலைவர், குழுச் சபை, மாவட்டத்தில் இருப்பவர்கள், இப்படி எங்கோ ஒரு வீட்டில் கொப்பியோடு இருக்கும் பரீட்சகர், எல்லோரும் வேண்டும். இவர்களில் ஒருவருக்கும் சம்பளம் இல்லை. சாரணர் சட்டத்தின் முதல் வரி நம்பிக்கை பற்றியது. அதைப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன். நான் எழுதிய பட்டியலில் இருந்த ஒரு பொய்யை, எனக்கே தெரியாமல் நுழைந்த பொய்யை, மிஸ்ஸி பிள்ளையின் விண்ணப்பத்தில் ஏற விடவில்லை. அவர் அன்று கண்ணை மூடிக் கையொப்பம் வைத்திருந்தால் நான் நன்றியோடு வாங்கியிருப்பேன். என்றைக்காவது அந்தப் பிள்ளைக்கு அது தெரியவந்திருந்தால் அந்தச் சின்னத்தை அவர் எப்படி அணிவார்?

மற்ற எல்லோருக்கும் என் நன்றி சின்னதல்ல, இடம்தான் சின்னது. ஒட்டிய பக்கங்களை இரவிரவாக மின்விசிறிக்குக் கீழே ஒவ்வொன்றாகப் பிரித்த தாத்தாவுக்கு; காசு வாங்காமல் போட்டோக் கொப்பி எடுத்துத் தந்த கடைத் தம்பிக்கு; கயிறு முழுவதும் போனபின் புதுக் கயிறு கொடுத்து, முடிச்சுகளையும் மறுபடி பார்த்துத் திருத்திய சல்லி மீனவ அண்ணன்மாருக்கு; தம்பலகாமத்திலிருந்து மூங்கில் ஏற்றி அனுப்பிய அப்பாவுக்கு; தம் துருப்பின் பாசறைப் பதிவுகளில் எங்கள் பிள்ளைகளின் பெயர் இருந்த பக்கங்களைத் தேடி எடுத்து அனுப்பிய கந்தளாய்ச் சாரணத் தலைவருக்கு, அவர் சிங்களத்தில் எழுதியதை வாசித்துச் சொன்ன பக்கத்து வீட்டு அக்காவுக்கு; சேருக்கு முறை வைத்துக் காவல் இருந்த பழைய சாரணர்களுக்கு; பத்திரகாளி அம்மன் கோயில் வீதியில் எங்களுக்காகக் கூட்ட இடம் திறந்துவிட்டவர்களுக்கு. உங்கள் ஒவ்வொருவரின் வீட்டுக்கும் நேரில் வருவோம்.

சேர் சுகமாகி வரும்வரை துருப்பை யார் நடத்துவது என்று கேட்கிறார்கள். உதவித் தலைவர் நடத்துகிறார். அவருக்குத் துணையாக நான் நிற்பதாகச் சொல்லியிருக்கிறேன். தலைவர்களுக்கான அடிப்படைப் பயிற்சிக்கும் பெயர் கொடுத்துவிட்டேன். பெண்பிள்ளைக்கு ஏன் இந்த வேலை என்று என் மாமா கேட்டார். 1916இல் சிறு பிள்ளைகளுக்கான குருளைச் சாரணர் தொடங்கிய காலத்திலேயே பெண்கள் தலைவிகளாக நின்றிருக்கிறார்கள் என்று எங்கள் குருளைத் தலைவி ரீச்சர் அவருக்குப் பதில் சொன்னார். மாமா பிறகு ஒன்றும் பேசவில்லை. சனிக்கிழமை கூட்டத்துக்கு என்னைத் தன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டார்.

அன்று பிள்ளைகள் புதுக் கம்புகளில் சதுரக் கட்டுப் போட்டார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் அரைப் பக்கம் எழுதினேன். எந்தப் பிள்ளையின் கட்டு நழுவியது, யார் மற்றவருக்குக் கம்பைப் பிடித்துக் கொடுத்தார் என்றெல்லாம். மாலையில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து மூன்று பேருக்கு அனுப்பினேன்.

மிஸ்ஸி, இரண்டு முக்கோணத் துணிகளை எங்கள் விறாந்தையில் விட்டுப் போய்விட்டீர்கள். தோய்த்து, அயன் பண்ணி, நீங்கள் மடிப்பது போலவே மடித்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் மூன்று பிள்ளைகளோடும் கொண்டு வருகிறேன்.

நன்றியுடன்,
குழுச் சபைச் செயலாளர், ஒரு சாரணனின் அம்மா
திருகோணமலை